இரண்டு பதினேழு

கண் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது மணி பத்தரை. பேசியது அங்கே வரவேற்பில் இருக்கும் பெண். "மேடம், ரெண்டு பேர் பதினேழாம் நம்பர் டோக்கன் வெச்சிருக்காங்க. டாக்டர் ரூம் வாசல்ல ஒரே தள்ளுமுள்ளு. அதோட விட்டுதா, எல்லா நம்பரும் ரெண்டு ரெண்டா வருது!"

போனை எடுத்தவள் உடனே கணினி பக்கம் திரும்பினாள். அந்த டோக்கன் புரோகிராமை எழுதியவள் அவள்தான். பிள்ளைகளை வளர்க்கப் பதினோரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் மறுபடி பெர்ல் என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுத உட்கார்ந்தவள். அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'புதுசு'. பாதித் தலை நரைத்தவளுக்கு வைத்த பெயரைப் பாருங்கள்! ஆறு மாதச் சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது. வேலை நிரந்தரமா, மறுபடி வீடா என்று மேனேஜர் இன்று சொல்ல வேண்டும்.

பக்கத்து நாற்காலிக்காரன் எட்டிப் பார்த்தான். எதையும் அடியோடு மாற்றி எழுதினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். "நான்தான் அப்பவே சொன்னேனே, பெர்லைத் தூக்கிப் போடுங்கன்னு."

"கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இரு தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள்.

நேற்றுவரை ஆஸ்பத்திரியில் ஒரே கவுண்டர். இன்று காலையில் இரண்டாவதைத் திறந்திருந்தார்கள். புரோகிராமுக்குள் வரிசையாக எண் கொடுக்கும் உறுப்பு, அதாவது ஆப்ஜெக்ட், ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். எத்தனை கவுண்டர் கேட்டாலும் அதே ஒன்றைத்தான் நீட்ட வேண்டும். அப்படித்தான் எழுதியதாக நினைத்திருந்தாள். நினைப்பை நம்பாமல், இரண்டு கவுண்டரும் வைத்திருக்கும் ஆப்ஜெக்டைத் திரையில் காட்டும்படி புரோகிராமுக்குக் கட்டளை கொடுத்தாள். ஆப்ஜெக்டை அப்படியே அச்சிட்டால், நினைவகத்தில் அது இருக்கும் முகவரியைப் பெர்ல் காட்டிவிடும்.

வந்தவை இரண்டு முகவரிகள். ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு, தனித்தனியே ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு வந்திருக்கின்றன.

நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த ஒன்றை ஞாபகம் வைக்க வேண்டிய மாறியை, கவுண்டர் கேட்கும்போதெல்லாம் புதிதாக ஓடும் ஃபங்ஷனுக்கு உள்ளே அறிவித்திருந்தாள். கேட்கும்போதெல்லாம் அது வெறுமையாகப் பிறந்து, இன்னும் யாருமில்லை என்று புதிதாக ஒன்றை உண்டாக்கியிருக்கிறது. ஒற்றைக் கவுண்டர் ஒரு முறைதான் கேட்டது என்பதால் இதுவரை குட்டு வெளிப்படவில்லை.

அந்த ஒரு வரியைத் தூக்கி ஃபங்ஷனுக்கு மேலே வைத்தாள். பழைய டோக்கன்களோடு மோதாமலிருக்க நூற்றொன்றில் தொடங்கச் செய்து ஓட்டினாள். ஒரே முகவரி இரண்டு முறை வந்தது.

நிமிர்ந்தால் மேனேஜர் நிற்கிறார். "என்ன ஆச்சு?"

சொல்லாமல் கவுண்டர் திறந்தார்கள் என்று பழியை ஆஸ்பத்திரி தலையில் கட்டியிருக்கலாம். வாய்வரை வந்தது. "என் தப்பு சார். ஒரு வரியை இடம் மாத்தி எழுதிட்டேன். ஒரே கவுண்டரை வெச்சு மட்டும் டெஸ்ட் பண்ணிட்டேன். இப்ப சரி பண்ணிட்டேன்."

அவர் திரையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கதை முடிந்தது என்று அவள் மேஜை இழுப்பறையைக்கூட ஒழிக்க ஆரம்பித்துவிட்டாள்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். "ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். இப்ப எல்லா நம்பரும் ஒழுங்கா வருதாம். நாளைக்கு மூணாவது கவுண்டர் திறக்கறாங்க. காலைல நீங்க அங்க இருக்கணும்."

"நாளைக்கா சார்?"

"ஏன், லீவு வேணுமா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "வேண்டாம் சார்" என்றாள்.