வலி: பத்துக்கு ஏழு

கோர்டெல் மேபெரி என்பவன் லூயிவில் நகரத்துக் கூடைப்பந்து அணியின் ஆட்டக்காரன், வயது முப்பத்திரண்டு. பயிற்சிக்கு எல்லாருக்கும் முன்பாக வருவான். இடக்கால் காலணியின் கயிற்றைத்தான் முதலிற் கட்டுவான். மூன்று முட்டையும் ஒரு கிண்ணம் சோளக் கஞ்சியும் உண்டாலன்றி அவனுக்குக் காலைப் பொழுது விடியாது. எவரையும் கடிந்து பேசாதவன். அவனுக்கு இருந்த அச்சம் ஒன்றே ஒன்று: ஆறாத காலோடு தன்னை அவசரமாகக் களத்தில் இறக்கிவிடுவார்கள் என்பது. மூன்றாண்டுகளுக்கு முன், வேறோர் அணியில் அப்படித்தான் நடந்தது. பத்து நாளில் ஆறியிருக்க வேண்டிய கணுக்கால் ஓர் ஆட்டப் பருவத்தையே விழுங்கிவிட்டது.

ஆகையால், சென்ற பிப்ரவரியில் வலது முழங்காலின் குருத்தெலும்பு கிழிந்து அறுவை நடந்தபின், அவன் முன்னெச்சரிக்கையாய் இருந்தான். அணியின் சிகிச்சை அறைக்கு வருகிற ஒவ்வொரு நாளும் ஒரு தாளை நிரப்ப வேண்டும்: இன்றைய வலி பத்துக்கு எத்தனை? அந்த அறையில் மூத்தவர்கள் புதியவர்களின் காதில் ஓதும் பாடம் ஒன்று உண்டு: உள்ளதை எழுதினால் மறுநாளே களத்தில் நிற்பாய், இரண்டு மூன்று கூட்டியே எழுது. கோர்டெல் ஏழு என்று எழுதினான். தொடக்கத்தில் அது உண்மையாகவே ஏழுதான். செப்டம்பரில் வலி இரண்டாகத் தணிந்தது; தாளில் மட்டும் ஏழு அசையவில்லை. கால் நன்றாக உறுதிப்படட்டும், மார்ச்சில் இறங்கலாம் என்று எண்ணியிருந்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவன் சிகிச்சை மேசைமேல் கிடந்தான். சிகிச்சையாளர் கிளெம் ஸ்டோவல் அவனுடைய முழங்காலில் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த மேசையில் இளம் ஆட்டக்காரனான ட்ரேவியன் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தவன், திடீரென்று சிரித்தான்.

“ஏய் கிழவா! உனக்கு இரங்கல் செய்தி போட்டிருக்கான் பாரு!”

“என்னடா உளர்ற?”

“நிஜமாத்தான். ‘மேபெரியின் ஆட்ட வாழ்வு முடிந்ததென அறிவிக்கக் கோரி லீக்குக்கு அணி விண்ணப்பம்.’ பூங்கொத்து அனுப்பவா, கேக்கே போதுமா?”

கோர்டெல் சிரிக்கவில்லை. ட்ரேவியனின் சிரிப்பும் பாதியில் நின்றது. மேலே படிக்கப் படிக்க அவன் முகம் வெளுத்தது. “சாரி, அண்ணே. நான் வம்புச் செய்தின்னு நினைச்சேன்.”

“கிளெம்,” என்றான் கோர்டெல். “இது பொய்தானே?”

கிளெம் பையின் முடிச்சினின்றும் கண்ணை எடுக்கவில்லை. “போன வாரம் மாடியில நிர்வாகத்துலேருந்து உன் தாளையெல்லாம் கேட்டாங்க. நகல் கொடுத்தேன். எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லல, ஆண்டவர் சத்தியமா.”

கோர்டெலின் கைப்பேசி அடித்தது, அவன் ஒப்பந்தங்களைக் கவனிக்கும் முகவர் ரோஸலின் ஹாட்ச்.

“கண்ணு, செய்தி பார்த்துட்டியா? நானும் இப்பத்தான் பார்த்தேன். நீ கடைசியா ஆடி நேத்தோட ஒரு வருஷம் முடிஞ்சுபோச்சு. அந்த நாளுக்குத்தான் காத்திருந்திருக்காங்க. ‘இனி இவனால ஆட முடியாது’ன்னு டாக்டர் சொல்லிட்டா, உன்னை விடுவிச்சுடலாம். உன் சம்பளம் உனக்கு வந்துக்கிட்டேதான் இருக்கும். ஆனா அணிக்குன்னு லீக் வெச்சிருக்கிற சம்பள வரம்புல அது சேராது. அந்த இடத்துல வேற ஆளை வாங்கிக்குவாங்க.”

“என்னால ஆட முடியுமே!”

“அதை இதுவரைக்கும் யார்கிட்ட சொன்ன?”

கோர்டெல் மேசைமேல் எழுந்து உட்கார்ந்தான்.

“வெள்ளிக்கிழமை உன்னைப் பரிசோதிக்கப் போறாங்க. லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் சேர்ந்து தேர்ந்தெடுத்த டாக்டர். முட்டியை எடுத்த படத்துல தழும்பு இருக்கு. அதை மட்டும் வெச்சு இப்படின்னும் சொல்ல முடியாது, அப்படின்னும் சொல்ல முடியாது. அதனால அவங்க நம்பியிருக்கிறதே உன் தாளைத்தான். இருநூத்தி எழுபது தாள். அத்தனையிலயும் ஏழு. கீழே உன் கையெழுத்து.”

கைப்பேசியின் குரல் அறை முழுதும் கேட்டிருக்க வேண்டும். கிளெம் நிமிர்ந்து பார்த்தார். “ஏழுதானே, கோர்டெல்?”

“ரெண்டு.”

“ரெண்டா! அடப்பாவி, ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சில உன் முட்டிக்காக ஜெபம் பண்ணியிருக்கேன்டா!”

ரோஸலின் குரலைத் தாழ்த்தினார். “கேளு. பேசாம பரிசோதனைக்குப் போ. இன்னும் ரெண்டு வருஷச் சம்பளம் ஒரு டாலர் குறையாம வரும். பொய்யா எழுதினேன்னு வாயைத் திறந்தே, ஆட முடிஞ்சும் ஏமாத்தினான்னு அபராதம் போடுவாங்க, தடை விதிப்பாங்க, சம்பளத்துலயே கை வைக்கப் பார்ப்பாங்க.”

“பேசாம இருந்தா? வேற அணிக்கு ஆடலாமா?”

“சட்டம் தடுக்கல. ஆனா முடிஞ்சுபோச்சுன்னு டாக்டரே முத்திரை குத்தின காலை எவன் நம்புவான், சொல்லு?”

“கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடறேன்,” என்று அவன் இணைப்பைத் துண்டித்தான்.

கிளெம் அலமாரியைத் திறந்து மூலத் தாள்களைக் கொணர்ந்து அவன் மடிமேல் வைத்தார். முதல் மாதத்து ஏழுகள் கோணலாக இருந்தன. வலியில் நடுங்கிய கை எழுதியவை. செப்டம்பருக்குப் பிந்தியவையோ அச்சிட்டாற்போல் நிமிர்ந்து நின்றன. அறைக்குள் நுழைந்துகொண்டே நிரப்பிய தாள்கள் அவை; எழுதியது ஏதும் அவனுக்கு நினைவிலில்லை. தன்னை முதுகில் குத்திவிட்டார்கள் என்று அணியின்மேல் மூண்ட சினம், தாள்கள் புரளப் புரளப் பிடிமானமின்றிச் சரிந்தது. அவர்கள் ஒரு சொல்லும் இட்டுக்கட்டவில்லை. அவனுக்கு எதிரான வழக்கை அவனே எழுதிக் கொடுத்திருக்கிறான், நாளுக்கு ஒரு தாளாக.

ட்ரேவியன் தயங்கித் தயங்கி அருகே வந்தான். “அண்ணே, நீங்க சொல்லித்தான் நானும் என் தோளுக்கு ஆறுன்னு எழுதிட்டிருக்கேன்.”

கோர்டெல் பனிக்கட்டிப் பையை அவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டு, முகவரை அழைத்தான்.

“ரோஸலின், யோசிச்சுட்டேன். செப்டம்பர்லேருந்து எழுதினது பொய்னு வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட சொல்லிடப் போறேன்.”