மனுவில் தம்பியின் பெயர்

என் தம்பி ஜெயதாஸைக் கொழும்பிலிருந்து திருப்பி அனுப்பியது இலங்கை சர்க்கார் என்று பாறசாலையில் எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான் நிஜம். மீதிப் பாதி நான்.

ஐம்பதாம் வருஷம். எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பகுதிகளை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் சூடு பிடித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், மனுவும் பேனாவுமாக நேசையன் நிற்கிறார். கட்சிக்காரர். சாதாரணமாக நலம் விசாரிப்பதையே மேடைப் பேச்சாகப் பேசுவார்.

"ஒப்பு கூடக் கூட நமக்கு பலம் ஆக்கும், ஆனந்தபாய். ஒனக்க வீட்டில நீ ஒருத்திதானா?"

சுருக்கென்று தைத்தது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று இருந்தது ஜெயதாஸ் ஒருவன்தான். பன்னிரண்டு வருஷமாகக் கொழும்பு புறக்கோட்டையில் ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிறான். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தால் எங்கள் வீட்டு ஆள் இல்லை என்று ஆகிவிடுமா? "தம்பியும் உண்டு" என்று சொல்லி, என் பெயருக்குக் கீழே அவன் பெயரையும் நானே எழுதி, அவனுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

மனுவை அச்சடித்தார்கள். 'பாறசாலையில் நிரந்தரமாகக் குடியிருக்கும் நாங்கள்' என்று தொடங்கி, கீழே அப்பா பெயர், வீட்டுப் பெயரோடு எல்லோர் பெயரும். எங்கள் இருவர் பெயரையும் சேர்த்துப் பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு பிரதியைத் தம்பிக்குத் தபாலில் அனுப்பினேன்.

அதற்குள் இலங்கையில் சட்டம் மாறியிருந்தது. இந்தியாவிலிருந்து வேலைக்குப் போனவர்கள் அங்கேயே குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இத்தனை வருஷம் இலங்கையை விட்டு அசையவில்லை, இனியும் இதுதான் எங்கள் ஊர் என்று காட்ட வேண்டும். கிடைக்காதவர்களுக்குக் கொஞ்ச காலம் தங்கத் தற்காலிகச் சீட்டு. அது முடிந்தால் கப்பல். தம்பியும் விண்ணப்பித்தான். கொழும்பை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்புத் தெரியாது.

ஐம்பத்து நாலில் விசாரணை. வருஷா வருஷம் கொழும்பு விலாசத்துக்குக் கடிதம் வந்ததைக் காட்டினால் போதும் என்று யாரோ சொல்ல, என் கடிதக் கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போயிருக்கிறான், மகா புத்திசாலி. அதற்குள் அந்த மனுவும் இருந்தது. அங்கே நிரந்தரக் குடி என்றால் இங்கே எப்படி நிரந்தரக் குடி என்று கேட்டு, விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள்.

எங்கள் சர்க்கார் அந்த மனுவைச் சட்டை செய்யவே இல்லை. பிறகு எல்லை பிரித்தபோதும் பாறசாலை கேரளத்தில்தான் நின்றது. வரிக்கு வரி அதை நம்பிய ஒரே அதிகாரி கொழும்பில் இருந்தார்.

மறு வருஷம் தகரப் பெட்டியோடு தம்பி பஸ்ஸை விட்டு இறங்கினான். திட்டுவான் என்று பயந்துகொண்டிருந்தேன். அவனோ மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட உட்கார்ந்துவிட்டான். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"எலே, அது அக்கா போட்ட ஒப்புன்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ போடல்லன்னா கள்ள ஒப்பு போட்டது யாருன்னு ஒங்க ஊரு போலீசுக்கு எழுதிக் கேப்பேன்னு அந்த ஆபீசர் சொல்லிட்டாரு."

அவனுக்கு விசாரணை நடந்தது, இங்கே போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த அதே வருஷம். போராட்டக்காரர்களை வீடு வீடாகப் போலீஸ் தேடிய நேரம். பேப்பரில் அதையெல்லாம் அவன் படித்திருக்கிறான்.

"அதுக்கு நீ என்ன சொன்னே?"

"நான் போட்டதுதான்னு சொல்லியாச்சு."

பதினாறு வருஷப் பாடு, ஒரே வார்த்தையில். "மடையா!" என்று அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அடித்த கையாலேயே அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் மேல் இவ்வளவு பாசம் வைத்திருக்கிறான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"இனி எங்கலே போவ, மக்கா?"

"நான் எங்க போக? நிரந்தரமா இங்கதான் இருக்கேன்னு நீதானே எழுதிக் குடுத்தே" என்று தட்டை நீட்டினான். "ரெண்டு துண்டு மீன் போடு."