‘என்ன’ என்று கேட்கக் கூடாது

காலை ஏழரை மணிக்கு அந்த வீட்டில் எல்லா வேலையும் ஒன்றாக நடக்கும். லிஃப்ட் மெக்கானிக் ஒரு கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே போனில் பேசுவார். அவர் மனைவி, தையல் கம்பெனி வண்டி தெருமுனைக்கு வருவதற்குள் மூன்று சாப்பாட்டு டப்பாக்களை மூடி மூன்று பைகளில் திணிப்பார். ஏழு வயது மகள் தரையில் உட்கார்ந்து ஷூ நாடாவோடு மல்லுக்கட்டுவாள்.

மகளுக்கு வீட்டில் ‘ரேடியோ’ என்று பெயர். பேச்சு வந்த நாளிலிருந்து நிறுத்தாமல் பேசியதால் அப்பா வைத்தது. ஆனால் கொஞ்ச நாளாக அந்த ரேடியோவில் ஒரே நிகழ்ச்சிதான்.

“தண்ணி பாட்டில எடுத்து வச்சியா?”

“என்னப்பா?”

“பாட்டில்! தண்ணி பாட்டில்!”

“என்ன?”

அதற்குள் போன் மறுபடி அடித்தது. சூப்பர்வைசர். லிஃப்ட் கம்பெனியில் போன மாதம் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் இரண்டு ஆள் வேலையைச் செய்கிறார்கள். திரையில் சூப்பர்வைசர் பெயர் தெரிந்தாலே, இன்றைக்கு நம் முறையோ என்று மெக்கானிக்குப் பயம் வரும். அன்றைக்கு அப்படி ஒன்றும் இல்லை. புகார் ஒன்றைப் பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் சேர்ந்திருந்த பயம் எங்கேயாவது இறங்கியாக வேண்டுமே.

“ஒரு விஷயத்த எத்தன தடவ சொல்றது? இனிமே ‘என்ன’ன்னு ஒரு தடவ கேட்டே, கெட்ட கோபம் வரும் எனக்கு. சொன்னா ‘சரி’ன்னு சொல்லு. புரியுதா?”

மகள் அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சரிப்பா.”

“ஏங்க, அவமேல ஏன் எரிஞ்சு விழறீங்க?” என்றார் மனைவி.

“என் தலைக்கு மேல என்ன தொங்குதுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். அது அவ தலைமேல ஏன் விழணும்?”

அதற்குள் வண்டி வந்துவிட்டது.

அன்றிலிருந்து வீடு அமைதியாகிவிட்டது. எது சொன்னாலும் “சரிப்பா”, “சரிம்மா”. சொன்னது பாதி நடக்காது. ஆனால் எதிர்க்கேள்வி கிடையாது. டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறாள் என்று அப்பா ரிமோட்டைப் பிடுங்கிச் சத்தத்தைக் குறைத்து வைத்தார். அதற்கும் “சரிப்பா” என்றுவிட்டு, வெறும் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு அதட்டலில் பெண் திருந்திவிட்டாள் என்று மெக்கானிக் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

ஆறாவது வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. வகுப்பில் கவனம் இல்லை, சொன்னதைச் செய்வதில்லை, இந்தப் பருவமும் இப்படியே போனால் மறுபடி இரண்டாம் வகுப்பிலேயேதான் உட்கார வைக்க வேண்டும்.

“ஒழுங்கா கவனிச்சா என்ன உனக்கு?” என்று அப்பா கத்தினார்.

“சரிப்பா.”

இந்த இடத்தில் லிஃப்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். கதைக்கு அது வேண்டும். அதோடு, அது அழகான விஷயமும்கூட. லிஃப்டுக்கு ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு. ஒவ்வொரு கதவிலும் சிறிய மின் தொடுப்பு ஒன்று. கதவு முழுக்க மூடினால் இரண்டு உலோக நாக்குகள் ஒன்றையொன்று தொடும். எல்லா மாடித் தொடுப்புகளையும் மாலை கோத்ததுபோல் ஒரே கம்பியில் கோத்திருப்பார்கள். மின்சாரம் அத்தனையையும் கடந்து மறுமுனைக்கு வந்தால்தான் லிஃப்ட் நகரும். ஒரே ஒரு கதவு விரல் அளவு திறந்திருந்தாலும் மாலை அறுந்துவிடும், லிஃப்ட் நின்றுவிடும். அது நிற்பது அதற்குத் தெரிந்த ஒரே மொழியில், “என்னமோ சரியில்லை, வந்து பார்” என்று சொல்வது.

அந்த வாரம் ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றில் மாதப் பரிசோதனை. அங்கே நான்காம் மாடியில் லிஃப்ட் அடிக்கடி நிற்கிறது என்று முன்பெல்லாம் தினமும் புகார் வரும். ‘பம்பரம்’ என்று எல்லோரும் கூப்பிடும் இளைய மெக்கானிக் போய்ப் பார்த்த பிறகு புகாரே இல்லை. சூப்பர்வைசர் அவனை எல்லோர் முன்னாலும் பாராட்டினார்.

அவனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்த மெக்கானிக், மொட்டைமாடி மெஷின் அறையில் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே, இருக்கக் கூடாத இடத்தில், ஒரு சாண் நீளத்தில் சிவப்பு ஒயர். நான்காம் மாடித் தொடுப்பின் இரண்டு முனைகளையும் அது குறுக்கே இணைத்திருந்தது. அதாவது, அந்தக் கதவு மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் லிஃப்டுக்கு இனி ஒன்றுதான்.

நிச்சயப்படுத்திக்கொள்ள அவர் கீழே இறங்கி, நான்காம் மாடியில் தடுப்பு வைத்து, சாவி போட்டுக் கதவைத் திறந்து ஓரமாக நின்றார். மேலேயிருந்து பம்பரம் லிஃப்டை ஓட்டினான். திறந்த கதவுக்கு அப்பால், ஆள் விழுந்தால் அடையாளம் தெரியாத அந்த இருட்டில், லிஃப்ட் நிதானமாக அவரைக் கடந்து மேலே போனது. ஒரு முனகல்கூட இல்லை.

கதவைப் பூட்டிவிட்டு மேலே ஏறி வந்தவருக்கு மூச்சு வாங்கியது.

“யாருடா இத போட்டது?”

“அண்ணே... நான்தான். ரெண்டு நாளைக்குன்னு போட்டேன், மறந்துட்டேன். ஆனா பாத்தீங்களா, அதுக்கப்புறம் ஒரு புகார் கிடையாது!”

“புகார் வரலன்னா சரியாயிடுச்சா? அது உன்ன தொந்தரவு பண்றதுக்கா நின்னுச்சு? எனக்கு என்னமோ ஆயிருக்கு, வந்து பாருன்னு கேட்டுச்சுடா. உனக்கு வேல அதிகம், எரிச்சல். அதனால அது வாய அடச்சிட்டு, அமைதியாயிடுச்சுன்னு...”

அவர் காதில் ஒரு ‘சரிப்பா’ கேட்டது.

“அண்ணே? என்னாச்சு?”

மெக்கானிக் ஒயரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான்காம் மாடிக்கு இறங்கி, கதவின் தொடுப்பைக் கழற்றி, படிந்திருந்த அழுக்கைச் சுரண்டி, வளைந்த நாக்கை நிமிர்த்திப் பொருத்தினார். மொத்தம் இருபது நிமிட வேலை. பிறகு அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராக வீட்டுக்குப் போனார்.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். மனைவி சீக்கிரமே வந்திருந்தார். மெக்கானிக் அவரிடம் சைகை காட்டிவிட்டு, பழுது தேடும் முறைப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டார். அசைவில்லை. வழக்கமான குரலில் கூப்பிட்டார். பென்சில்கூட நிற்கவில்லை. முன்னால் போய் உதடு தெரிய, “ரேடியோ” என்றார். நிமிர்ந்து சிரித்தாள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, “அம்மாவுக்குத் தண்ணி கொண்டு வா” என்றார்.

“சரிப்பா,” என்றாள். எழுந்திருக்கவில்லை.

அவர் அவள் முன்னால் தரையில் மண்டியிட்டார். “நான் சொன்னது கேட்டுச்சாம்மா?”

அவள் கண்கள் கலங்கின. “திட்டுவியா?”

“மாட்டேன். நெஜமா மாட்டேன்.”

“‘என்ன’ன்னு கேக்கக் கூடாதுன்னு நீதானேப்பா சொன்னே.”

மெக்கானிக் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். மனைவி சுவரில் சாய்ந்து, “டிவி சத்தத்த கூட்டுறாளேன்னு நானும் அவளத்தான் திட்டினேன்,” என்றார்.

மறுநாள் இருவரும் லீவு போட்டுக் காது டாக்டரிடம் போனார்கள். டாக்டரம்மா கருவியால் இரண்டு காதையும் பார்த்துவிட்டு ஒரு தாளில் வரைந்து காட்டினார். “செவிப்பறைக்குப் பின்னால காத்து இருக்கணும். அடிக்கடி சளி பிடிச்சு, காத்து போற குழாய் அடைச்சு, உள்ள தண்ணி தேங்கிப் போச்சு. தண்ணி நிரம்பின மேளத்த தட்டினா எப்படி இருக்கும்? அப்படித்தான் இவளுக்கு எல்லாமே கேக்குது.”

“அப்போ ஒயரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நடுவுல தண்ணி புகுந்திருக்கு.”

டாக்டர் சிரித்துவிட்டார். “அதேதான்.”

“என்னாலயா டாக்டர்?”

“சளியால. ஆனா முதல் தடவ ‘என்ன’ன்னு கேட்டப்பவே கூட்டிட்டு வந்திருந்தா, இத்தன நாள் இவ தனியா தவிச்சிருக்க வேண்டாம்.”

சில வாரம் காத்திருந்து பார்த்தார்கள். தண்ணீர் வற்றவில்லை. பிறகு ஒரு காலையில் சிறிய அறுவை சிகிச்சை. தண்ணீரை எடுத்துவிட்டு, காற்று போக இரண்டு செவிப்பறையிலும் எள் அளவில் ஒரு குழாய். மதியம் மூவரும் ஆஸ்பத்திரி லிஃப்டில் இறங்கும்போது, மகள் சட்டென்று அப்பா கையைப் பிடித்தாள்.

“அப்பா! மேல ஏதோ ‘டிக்’குங்குது. அது என்ன?”

“ரிலே. தானா போட்டு அணைக்கிற சுவிட்ச்,” என்றார் மெக்கானிக். ரிலே என்றால் என்ன என்று வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

பருவம் முடிந்து பெற்றோர் கூட்டம் நடந்தது. கம்பெனியில் இன்னும் அதே நிலைதான். இரண்டு ஆள் வேலை, அதே பயம். ஆனால் மதிப்பெண் தாளில் எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி. மகள் மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். டீச்சர் தாளை நீட்டிவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“சார், ஒரே ஒரு புகார். உங்க பொண்ணு வாய மூடறதே இல்ல. ஒரு பாடத்துக்குப் பத்துத் தடவ, ‘அது என்ன டீச்சர், இது என்ன டீச்சர்’.”

மெக்கானிக் சத்தம் போட்டுச் சிரித்தார். “இந்தப் புகார் நின்னு போச்சுன்னா உடனே போன் பண்ணுங்க டீச்சர்.” அன்றிலிருந்து கூடவே வைத்திருந்த அந்தச் சிவப்பு ஒயரைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். “கஷ்டம் வந்தா பெரியவங்களுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். அதுக்காகப் புள்ளைங்க வாய அடச்சா, வீடு அமைதியாயிடும். அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் நமக்குத் தெரியாமலே போயிடும். பயந்துபோய் ‘சரி’ன்னு சொல்ற புள்ளைய விட, பயமில்லாம ‘என்ன’ன்னு கேக்கற புள்ளதான் பத்திரமா இருக்கும் டீச்சர். இத கத்துக்க எனக்கு ஒரு ஒயர் வேண்டியிருந்துச்சு.”

அப்போது அவர் போன் அடித்தது. சூப்பர்வைசர். கூடவே சட்டை நுனியும் இழுபட்டது.

“அப்பா, அந்த ஒயர் என்ன? எதுக்கு அது?”

மெக்கானிக் போனை அணைத்துப் பைக்குள் போட்டார். குனிந்து மகளைத் தூக்கி மேசை ஓரத்தில் உட்கார வைத்து, “ஒரு லிஃப்ட் இருந்துச்சாம்,” என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.