கடல் காதில் விழுந்த நல்ல வார்த்தை

சுக்கான் பிடிக்கிற கோணலனைக் கடல் வீடு புகுந்து தூக்கிக்கொண்டு போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. பக்கத்து வீட்டு வாசல்கூட நனையவில்லை. துறைமுகத்தில் யாருக்கும் இதில் ஆச்சரியம் இல்லை, ஆத்திரம்தான். அத்தனை ஆத்திரமும் படகுப் பாய் தைக்கிறவரின் மகள் சிடுமூஞ்சி மேல் திரும்பியது.

காரணம் இருந்தது. கடலும் நிலமும் அக்கா தங்கை. சொத்துப் பிரித்த நாளில் மரம், மலை, மனிதர் எல்லாம் தங்கைக்குப் போய்விட, அக்காவுக்குக் கிடைத்தது வெறும் உப்புத்தண்ணீர். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கரையில் எதை யார் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் அக்கா வந்து எடுத்துக்கொள்வாள். அதனால் அந்தத் துறைமுகத்தில் எவரும் எதையும் புகழ்வதில்லை. புதுப் படகுகளுக்கு ஓட்டைச்சட்டி, விளங்காதது, தண்டச்சோறு என்றுதான் பெயர் வைப்பார்கள். பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள், இதற்காகவா பத்து மாதம் சுமந்தாய் என்று கேட்டு மூஞ்சியைச் சுளித்துவிட்டுப் போவார்கள். காதலிப்பவர்கள் ஒருவரையொருவர் கரித்துக்கொட்டினார்கள். நிமிர்ந்த முதுகுக்காரனுக்குக் கோணலன் என்றும் சிரித்த முகத்துக்காரிக்குச் சிடுமூஞ்சி என்றும் பெயர் வந்தது இப்படித்தான்.

அந்தச் சிடுமூஞ்சிக்குத்தான் வாய் தவறியது. படகுத்துறையில் பாயை விரித்து ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். கோணலன் பாய்மரத்திலிருந்து இறங்கி வந்து எதிரில் நின்றான். பதினெட்டு வயதுப் புத்தி, என்ன செய்வது.

"நீ எவ்ளோ அழகா இருக்க, தெரியுமா?" என்று சொல்லிவிட்டாள்.

அலைகள் சட்டென்று நின்றன. மறுநாள் செவ்வாய்க்கிழமை.

கோணலனின் அம்மா தெருவில் நின்று, பேசியே என் பிள்ளையை முழுங்கிவிட்டாள் என்று அடித்துக்கொண்டு அழுதாள். கடைக்காரர் சிடுமூஞ்சிக்குத் தீப்பெட்டிகூடத் தரவில்லை. அவளுடைய அப்பா தைத்துக் கொடுத்த பாய்களையெல்லாம் கொண்டுவந்து வாசலில் எறிந்தார்கள். அவற்றில் ஒன்றை எடுத்து, எவனும் தொடாமல் கிடந்த தண்டச்சோறு என்ற படகில் கட்டிக்கொண்டு அவள் தனியாகக் கிளம்பினாள். வழியனுப்ப நாய்கூட வரவில்லை.

கடல் அவளைப் படாத பாடு படுத்தியது. காற்று நாலு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் அடித்தது. மீன்கள் தலையைத் தூக்கி வாய்க்கு வந்தபடி ஏசின. பீப்பாயில் இருந்த நல்ல தண்ணீர் அவள் கை பட்டதும் உப்பானது. மழையைப் பாயில் பிடித்துக் குடித்துக்கொண்டு போனவள் கடைசியில் நடுக்கடலில் அவனைக் கண்டாள். சிமெண்டுத் தரை மாதிரி அசையாமல் கிடந்த தண்ணீர் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி மட்டும் எழுந்த சிற்றலைகள் அவனுக்குத் தலை வாரிவிட்டன. அழகன், அழகன் என்று சுற்றிலும் தண்ணீர் சொல்லிக்கொண்டே இருந்தது.

"நீ எதுக்கு வந்த? இங்க எல்லாரும் என்கிட்ட நல்லவிதமா பேசுறாங்க" என்றான்.

முதலில் அவள் துறைமுகத்து வசவுகளை எடுத்துவிட்டாள். சோம்பேறி, கோணல்வாயன், உருப்படாதவன். கடல் சிரித்தது. அது அத்தனையும் பாசம் என்று அக்காவுக்குத் தெரியாதா? பொய் வசவுக்கு அவள் ஏமாறுகிறவள் இல்லை. அப்போது சிடுமூஞ்சிக்கு உண்மையாகவே பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கம்மா அங்க சோறு தண்ணி இல்லாம கெடக்கா. நீ இங்க தலை வாரிக்கிட்டு இருக்க. எனக்கு உன்னைப் பிடிக்கல."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். சொன்னது நிஜம். பிடிக்காத பொருள் அக்காவுக்கு எதற்கு? தண்ணீர் பிடியை விட்டது, கோணலன் முங்கினான். பிடிக்கவில்லை என்பதற்காக ஒருத்தனைச் சாகவிட முடியுமா? அலைகள் வாரிவிட்ட அதே தலைமயிரைப் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போட்டாள்.

ஊர் அவளை மன்னிக்கவில்லை. அம்மா மகனுக்குச் சோறு போட்டாள், அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. இருந்தும், அவளுக்குக் கோபம் தீராமலே, இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு பெரிய நீரேற்றத்தின்போதும் கடல் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வந்தது. வாசற்படியில் விரற்கடை ஆழத்துக்கு நின்று காத்திருந்தது. பிடிக்கவில்லை என்று அவள் சொன்னதும் போனது. முதல் சில வருஷம் அதைச் சொல்வது அவளுக்குச் சிரமமாக இல்லை. கோபம் மிச்சமிருந்தது.

இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு ஒரு ஏற்றத்தில் அவள் வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை. தண்ணீர் படி ஏறி அவன் முழங்காலைச் சுற்றிக்கொண்டது. அவள் கண்ணீரோடு அவனையே பார்த்தாள். அவனுக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் நெஞ்சுக்குள் வைத்திருந்ததை எடுத்துச் சொன்னான்.

"அன்னிக்கு நீ என்னைக் கூட்டிட்டு வந்திருக்கவே வேணாம். அங்க நல்லாத்தான் இருந்தேன்."

அவள் முகம் வெளுத்தது. பிடிக்கவில்லை என்றாள். தண்ணீர் இறங்கிப் போனது.

இப்போது ஏற்ற நாள் நெருங்கினால் கோணலன் அவளுடைய ஊசிகளை ஒளித்துவைக்கிறான், ஈரத்துணியைக் கட்டிலில் போடுகிறான், அவள் அப்பாவைப் பற்றி ஏதாவது ஆரம்பிக்கிறான். ஊரிலேயே மோசமான புருஷன் என்று தெருவே காறித் துப்புகிறது. எதற்காகச் செய்கிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வரத்தான் செய்கிறது, ஈரக் கட்டிலில் படுத்தால் யாருக்குத்தான் வராது? சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, வாசலில் மிச்சமிருக்கும் தண்ணீரைத் துடைப்பத்தால் தெருவுக்குத் தள்ளுகிறாள்.