மாமியாருக்கு வந்த மாலை

ஒற்றைத் தலைவலிக்காகக் கனகா அதுவரை இரண்டு பேரைக் கொன்றிருந்தாள். எழுமலைச் சித்தப்பா ஒருவர், அவர் பின்னாலேயே ஒரு பெரியம்மா. தலைவலி என்று உண்மையைச் சொல்லித்தான் பழைய கடையில் வேலை போயிற்று. தைலம் தேய்த்துக்கொண்டு வராமல் இதெல்லாம் ஒரு சாக்கா என்றார்கள். தல்லாகுளத்தில் சேக் இஸ்மாயில் பாயின் டைப்பிங் கடையில் சேர்ந்த பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சாவு என்றால் எந்த முதலாளி லீவு தரமாட்டேன் என்பார்?

இந்தத் தடவை வலி லேசில் விடாது என்று காலையிலேயே தெரிந்துவிட்டது. வெளிச்சம் பட்டாலே வாந்தி. நாலைந்து நாள் லீவுக்குச் சித்தப்பா, பெரியம்மாவெல்லாம் காணாது. பாவி மகள், கடைக்குப் போன் போட்டு மாமியாரையே போட்டுத் தள்ளிவிட்டாள்.

மத்தியானமே கீழக்குயில்குடி வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பாய் இறங்கினார், கையில் பெரிய ரோஜா மாலை. கூடவே கடையில் வேலை பார்க்கும் முத்துமீனா, அழுவதற்குத் தயாராக. வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த தங்கப்பொண்ணு நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க பாய். யாருக்கு மாலை?"

"கனகாவோட மாமியார் தவறிட்டாங்கன்னு..."

"அது நாந்தேன்!"

உள்ளே இருட்டில் ஈரத்துணியோடு படுத்திருந்த கனகாவுக்கு உயிரே போய்விட்டது. இந்த வேலையும் போச்சு. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வெயில் கண்ணில் பட்டதும் வாசலிலேயே வாந்தி எடுத்தாள். முத்துமீனா ஓடிவந்து தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாசத்துல ரெண்டு மூணு நா இப்படித்தேன் கெடக்கா," என்றாள் மாமியார். "மத்த நா பம்பரமாச் சுத்துவா. சொன்னா வேலை போயிருமாம். அதுக்கு என்னைய சாகடிச்சிருக்கா, பாருங்க!"

பாய் மாலையை ஆட்டோவுக்குள் வைத்துவிட்டு வந்தார்.

"தப்புத்தேன் பாய். வேலைய விட்டு நிப்பாட்டிராதீக," என்றாள் கனகா.

"யாரு நிப்பாட்டுறது? எனக்குச் சுகரு. தலை சுத்துனா கடையிலயே படுத்துக்கிறேன்ல, எவனாச்சும் கேக்குறானா? எனக்கு ஒரு நியாயம், ஒனக்கு ஒரு நியாயமா? வலி வந்தா ஒரு மெசேஜ் போடு. முத்துமீனா பாத்துக்கிடும். நல்லா இருக்கிற அன்னைக்கு விட்டதை முடிச்சுக் குடு. லைட்டு கண்ணக் குத்துனா உள்ரூம்ல உக்காந்து அடி. அம்புட்டுத்தேன். இனிமே யாரையும் கொல்லாத, தாயி."

கனகாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முத்துமீனாவும் சேர்ந்து அழுதாள். அழத்தானே வந்திருந்தாள்.

அடுத்த மாதம் வலி வந்தபோது, "பாய், தலைவலி" என்று மட்டும் அனுப்பினாள். "சரிம்மா, படு" என்று பதில் வந்தது. வலி அப்படியேதான் இருந்தது. வேலையும் இருந்தது. கனகா கதவைச் சாத்திக்கொண்டு, பயமில்லாமல் படுத்தாள்.