நடக்கத் தெரியாத வண்டி

“அதுல ஏத்துனா நான் கோயிலுக்கே வரமாட்டேன், பாத்துக்க.”

“வராதீங்க சித்தப்பா. அப்பா வருவாரு.”

ஐரின் இப்படிச் சொன்னதும் பந்தலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜூடு சித்தப்பா வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். உள்ளே அவருடைய அண்ணன், ஐரினின் அப்பா கிருபாகரன், சவப்பெட்டியில் படுத்திருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். அம்மா எவ்வளவு தேய்த்தும் அவர் நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை.

வாசலில் சிவப்பு மோரிஸ் நின்றது. தாத்தா காலத்துக் கார். அப்பா அதன் கூரையைத் தாழ்த்தி, பின்பக்கத்தை வெட்டிச் சரக்கேற்றும் தட்டு வைத்து, ஜீப் என்ஜினை ஏற்றியிருந்தார். என்ஜின் உள்ளே அடங்காததால் அதை மூடும் பானெட் பரணுக்குப் போய்விட்டது. விடியற்காலையில் ரிங் ரோட்டில் அது பறந்தால் வண்டியூர் நாய்களுக்குக் குரைக்க நேரமிருக்காது என்பார்.

“வாத்தியார் பண்ற வேலையா இது? ஊரே சிரிக்குது.”

“சிரிக்கட்டும். அவரும் சிரிச்சுக்கிட்டுத்தான ஓட்டுனாரு.”

பெட்டியைத் தட்டில் ஏற்றிக் கயிறு கட்டினார்கள். சிலுவையுடன் கோயில் பையன் டோனி முன்னால் நின்றான். பாட்டு தொடங்கியது. ஐரின் சாவியைத் திருப்பியதும் உறுமலில் பாட்டு காணாமல் போனது. கிளட்சிலிருந்து காலை எடுத்தாள். வண்டி ஒரே பாய்ச்சலாகப் பாய, டோனி சிலுவையோடு எதிர்வீட்டுப் படியில் ஏறிவிட்டான். மறுபடியும் கிளப்பினாள். குலுங்கி நின்றது. மூன்றாவது முறை ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்பியது. ஆள் நடைக்கு ஈடாகப் போக அப்பா அதைப் பழக்கவே இல்லை.

“நடக்கத் தெரியாத வண்டில அண்ணன ஏத்திருக்கா! எறக்குங்கப்பா. வேனுக்குச் சொல்லியாச்சு.”

ஐரின் இறங்கிவந்து பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

“யாரும் தொடக்கூடாது. ஃபாதர், நீங்க எல்லாரும் முன்னாடி நடங்க. அப்பா கடைசியா வரட்டும்.”

“பெட்டிக்குப் பின்னாலதானம்மா சனம் போகணும்?”

“நடந்து போனா அப்படி ஃபாதர். இவரு நடக்கப் போறதில்ல. ரிங் ரோடு சுத்தி, நீங்க கோயில் சேர்றதுக்குள்ள வந்துருவோம்.”

ஃபாதர் வண்டியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு டோனிக்குத் தலையசைத்தார். சிலுவை நகர்ந்தது. அதன் பின்னால் பாட்டும் குடைகளும் நகர்ந்தன. அம்மா ஆனிமேரி மட்டும் திரும்பிவந்து, “ஹாரன் அடிக்காத. அவருக்குப் பிடிக்காது” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

தெரு காலியானது. ரேடியேட்டர் ஆறும்வரை ஐரின் தண்ணீர் ஊற்றினாள். கோயிலுக்கு வரமாட்டேன் என்றவர் பந்தலுக்கடியில் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டு நின்றார். செருப்பு அவர் காலில்தான் இருந்தது.

அவள் ஏறி உட்கார்ந்தாள். என்ஜின் பிடித்துக்கொண்டது. பின்னால் கயிறு லேசாகத் தளர்ந்திருப்பது கண்ணாடியில் தெரிந்தது. பெட்டி தட்டுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது.

“சித்தப்பா,” என்று கத்தினாள். “பின்னாடி ஏறி அப்பாவப் பிடிச்சுக்கிறீங்களா?”