வளைகாப்புக்கு வந்த சிவப்புக் கார்

ஆதிலட்சுமிக்கு அந்தக் காரைப் பார்த்தாலே குமட்டிக்கொண்டு வந்தது. காருக்கு வாய் இருந்தால், "நான் இன்னாம்மா பண்ணேன்?" என்று கேட்டிருக்கும். பாவம், அது ஒன்றும் பண்ணவில்லை. வாசலில் சிவப்பாக, வழவழவென்று, ரெண்டே ரெண்டு கதவோடு, வயிறு தரையில் இடிக்காத குறையாக நின்றது, அவ்வளவுதான். பண்ணியதெல்லாம் அதை வாங்கிவந்த மனிதர்.

அந்த மனிதர் அரங்கநாதன், இவள் புருஷன். செஞ்சி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குனிந்து செருப்பு மாட்டினால் மூச்சு வாங்கும்.

ஏழு பேர் தாராளமாக உட்காருகிற பெரிய கார் ஒன்று முன்னே அந்த வீட்டில் இருந்தது. ஒரே மகள் வித்யாஸ்ரீயின் கல்யாணத்துக்குச் சொந்தபந்தத்தை எல்லாம் ஏற்றி இறக்கிய வண்டி. அந்த மகளுக்கு ஆறாம் மாசம் நடக்கும்போது, ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ரெண்டு பேருக்கு எதுக்கு ஆதி ஏழு சீட்டு? டீசலு, சர்வீஸு, இன்ஷூரன்ஸு... சும்மா நின்னாலே தின்னுது. சின்ன வண்டியா மாத்திட்டா ரன்னிங் காஸ்ட்டு பாதியா குறையும்."

இதைக் கேட்டு ஆதிலட்சுமி சந்தோஷப்பட்டாள் என்பதுதான் வேடிக்கை. நாலு கதவு வைத்த அடக்கமான கார் ஒன்று வரும், சந்து பொந்தில்கூடத் திருப்பலாம் என்று நினைத்துக்கொண்டாள். புதுச்சேரியில் யாரோ பணக்கார வீட்டுப் பையன் ஓட்டி அலுத்துப்போய்த் தள்ளிவிட்டதைக் கொண்டுவந்து நிறுத்துவார் என்று அவள் கண்டாளா? பின்னால் ஒரு இறக்கை, அடியில் ரெண்டு புகைக்குழாய். கிளப்பினால் தெருநாய்கள் எழுந்து ஓடின. அதற்குத் தோதாக ஒரு கறுப்புக் கண்ணாடி, விரல் நுனி மட்டும் வெளியே தெரிகிற கையுறை வேறு. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவர் பட்டப்பகலில் கையுறை போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

சிக்கனம் அவருக்குப் பழக்கம்தான். ஆனால் அந்தச் சிக்கனம் எப்போதும் அடுத்தவர் இலையில்தான் கை வைக்கும். கார் வந்த கையோடு வீட்டில் பால் குறைந்தது. மாசாமாசம் அமாவாசைக்கு ஆதிலட்சுமியை மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போவது நின்றது. கூட்டத்தில் எவனாவது உரசி வண்டியில் கீறல் போட்டுவிடுவானாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திண்டிவனம் ரோட்டில் தனியாக ஒரு ரவுண்டு போய்வருவார். அதற்குப் பெட்ரோல் ஊற்றவில்லை, பன்னீர் ஊற்றினார் போலிருக்கிறது. அதைக் கேட்கக் கூடாது.

இதையெல்லாம் ஆதிலட்சுமி பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. வித்யாஸ்ரீக்கு பிரஷர் ஏறியிருந்தது. பிரசவத்தை உள்ளூரில் வைத்துக்கொள்ள வேண்டாம், வலி எடுத்ததும் விழுப்புரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"வலி வந்தா புள்ளைய எதுலங்க கூட்டிக்கிட்டுப் போறது? இதுல அவ படுக்கவா முடியும், உக்காரவே முடியாதே" என்று கேட்டாள்.

அரங்கநாதன் துணியால் காரின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"நூத்தியெட்டு இருக்குதே. ஒரு போன் போட்டா வாசலுக்கே வருது. நயா பைசா செலவில்ல."

பெற்ற மகள், முதல் பிரசவம். ஆம்புலன்ஸ் நல்லதுதான், யார் இல்லை என்றது? ஆனால் அவர் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே, கடையில் டம்ளர் வாங்கினால் ஸ்பூன் இலவசம் என்று சொல்வாரே, அதே குரல்.

ஒன்பதாம் மாசம் வளைகாப்பு வந்தது. வித்யாஸ்ரீயின் மாமியார் வீடு செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிற அனந்தபுரம். வளையல் அடுக்கி முடித்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். ஆதிலட்சுமியின் தம்பி அன்புமணி செஞ்சியிலேயே வாடகைக்கு வேன் ஓட்டுகிறான். காலையில் ஒரு சவாரி இருந்தும், "மதியத்துக்குள்ள வந்து புள்ளைய பூ மாதிரி கொண்டாந்து வுட்டுடறேன்க்கா" என்றான்.

"வாடகை வேன்லயா? சம்பந்தி வீட்டு வாசல்ல என் மரியாதை இன்னாவறது?" என்று அரங்கநாதன் குதித்தார். "என் பொண்ணை என் கார்லதான் கூட்டிக்கிட்டு வருவேன்."

புதன்கிழமை காலையில் கிளம்பினார்கள். முன்சீட்டை மடக்கி, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆதிலட்சுமி பின்சீட்டுக்குத் தவழ்ந்து போனாள். சீர்த்தட்டுகள், பழக்கூடை, கலவைச்சோற்று அண்டாக்கள் எதுவும் காரில் நுழையவில்லை. அதற்குத் தனியாக ஒரு குட்டி யானை வண்டியை வாடகைக்குப் பேசியிருந்தார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். செலவைக் குறைக்க வாங்கிய கார் முன்னால் உறுமிக்கொண்டு போக, வாடகை வண்டி பின்னாலேயே லொடலொடவென்று வந்தது. வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் காரின் வயிறு கர்ரென்று தேய்ந்தது. ஒவ்வொரு முறையும், "நீ உக்காந்திருக்கற வெயிட்டு" என்றார் அரங்கநாதன்.

வளைகாப்பு நன்றாகவே நடந்தது. சம்பந்தியம்மா சுமலதா ஒரு குறையும் வைக்கவில்லை. வித்யாஸ்ரீ கை நிறையக் கண்ணாடி வளையலோடு, கன்னத்தில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஆதிலட்சுமி கொஞ்ச நேரம் காரை மறந்தாள். சாமான்களை இறக்கிவிட்டு வாடகை வண்டி அப்போதே போய்விட்டது. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். அதற்குள் கிளம்ப வேண்டும் என்று சுமலதா அவசரப்படுத்தினாள். மருமகள் நெற்றியில் குங்குமம் வைத்தாள்.

"திரும்பிப் பாக்காம போ கண்ணு. இனிமே புள்ளையோடதான் இந்த வாசப்படிய மிதிக்கணும்."

வித்யாஸ்ரீ வாசப்படி தாண்டி இறங்கினாள். தெருவில் சிவப்புக் கார் நின்றது. மருமகன் ஜெகதீஷ் உள்ளே தலையை விட்டு ஸ்டீயரிங்கைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டியைக் கூட்டிப்போக வந்த வண்டியில் அவள் எப்படி உட்காருவாள் என்கிற யோசனை அவனுக்கும் இல்லை. நல்ல மாமனார், நல்ல மருமகன்!

அவள் திரும்பி நின்று, கதவைப் பிடித்து, மெல்ல இறங்கி உட்காரப் பார்த்தாள். சீட்டு எங்கேயோ பாதாளத்தில் இருந்தது. தொப்பென்று விழுந்தாள். முட்டி ரெண்டும் மேலே ஏறி வயிற்றை நெருக்கின.

"நைனா, மூச்சு முட்டுது."

"சீட்டைப் பின்னால தள்ளு பாப்பா" என்றார் ஸ்டீயரிங்குக்கு முன்னால் கண்ணாடியோடும் கையுறையோடும் உட்கார்ந்திருந்த அரங்கநாதன்.

"பின்னால தள்ளுனா நான் எங்கங்க உக்கார்றது?" என்றாள் ஆதிலட்சுமி.

"நீ காலை மடக்கிக்கோ. அரை மணி நேரம் அட்ஜஸ்ட் பண்ணிக்க முடியாதா ரெண்டு பேரும்?"

"முடியல நைனா. அடிவயிறு இழுக்குது. என்னை எழுப்புங்க."

எழுப்புவது என்ன லேசா? ஜெகதீஷ் ஒரு கையையும் ஆதிலட்சுமி ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். பாதி எழுந்தவள் சாய்ந்தாள். கை கதவு விளிம்பில் மோதியது. சலங்கென்று ரெண்டு வளையல் உடைந்து தெருவில் சிதறியது. மணிக்கட்டில் ரத்தம் பொடித்தது.

வாசலில் நின்ற பெண்கள், "ஐயையோ, வளையலு!" என்று நெஞ்சில் கை வைத்தார்கள். அரங்கநாதன் பதறிப்போய் இறங்கி இந்தப் பக்கம் ஓடிவந்தார். கண்ணாடியைக் கழற்றினார். குனிந்தார். மகளின் கையைத்தான் பார்க்கப்போகிறார் என்று எல்லாரும் வழிவிட்டார்கள். அவர் கதவு விளிம்பை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"நல்லவேளை, பெயிண்ட்டு போவல" என்றார்.

சீ! ஆதிலட்சுமிக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை வருஷம் இந்த மனிதருக்கா காபி ஆற்றிக் கொடுத்தோம், இவர் துண்டையா துவைத்துப் போட்டோம் என்று இருந்தது. சுமலதா முகத்தைப் பார்க்க முடியவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் பரிதாபப்பட்டுக்கொண்டு நின்றாள்.

"சம்பந்தியம்மா, உள்ள வந்து உக்காரச் சொல்லலாம்னா, படி தாண்டிட்டா..." என்று சுமலதா கையைப் பிசைந்தாள். "எங்க வண்டியும் ஜெகதீஷ் வேலை பாக்கற பெங்களூர்லயே நிக்குது. செஞ்சியிலேர்ந்து டாக்ஸி வரச் சொன்னா ராகுகாலம் வந்துடும்."

உள்ளே போகவும் முடியாது, காரில் ஏறவும் முடியாது. நிறைமாசப் பெண் நடுத்தெருவில் முந்தானையால் மணிக்கட்டை அழுத்திக்கொண்டு நின்றாள். அப்போதுதான் செஞ்சி போகிற டவுன் பஸ் தெருமுனையில் திரும்பியது. ஆதிலட்சுமி நடுரோட்டுக்குப் போய்க் கையை நீட்டினாள். பஸ் நின்றது.

"ஆதி! இன்னா பண்ற? பஸ்லயா? மானமே போச்சுடி!"

"போவட்டும். அதைத்தான் நீங்க ஏற்கெனவே தடவிப் பாத்துட்டீங்களே, பெயிண்ட்டு நல்லா இருக்குதுன்னு."

மகளை மெல்ல ஏற்றினாள். கீரைக்கட்டோடு முன்சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, கேட்காமலே எழுந்து இடம் விட்டாள். உடைந்த வளையலையும் வித்யாஸ்ரீயின் முகத்தையும் பார்த்துவிட்டு, "கண்ணு பட்டது கழிஞ்சுதுன்னு வுடு தாயி" என்றாள். டிரைவரும் நிலைமையைப் பார்த்துவிட்டு, குழி வந்தால் நிறுத்தி, மெதுவாகவே ஓட்டினான். பொம்பளைகளுக்கு டிக்கெட்டு இல்லை. ஆதிலட்சுமி அதைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை. மகள் கேட்ட கேள்விதான் அவள் காதில் நின்றது.

"அம்மா, வலி வந்தா அந்தக் கார்லயா போவணும்?"

ஆதிலட்சுமி பையிலிருந்த போனை எடுத்து அன்புமணிக்குப் பேசினாள். ரெண்டே வார்த்தை. அவன், "வந்துடுக்கா, ரூம்பு ஒழிச்சு வெக்கறேன். வேனும் இனிமே வெளியூர் சவாரி போவாது" என்றான்.

ஓடுவதில் அந்தக் காரைக் குறை சொல்ல முடியாது. பஸ் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது அரங்கநாதன் அங்கே முன்னாடியே வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் கடைவீதி ஆட்கள். தெரிந்த முகங்கள். அவர் சிரிக்க முயன்றுகொண்டிருந்தார்.

"வா பாப்பா. ரெண்டு தெருதானே, மெதுவா ஏறு."

வித்யாஸ்ரீ அம்மாவைப் பார்த்தாள். ஆதிலட்சுமி ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, மகளை உட்காரவைத்தாள்.

"அன்புமணி வீட்டுக்குப் போப்பா. பாத்து ஓட்டு."

அரங்கநாதன் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது. "ஆதி, வெளையாடாத. வளைகாப்பு முடிச்ச பொண்ணு பெத்தவன் வீட்டுக்கு வராம மாமன் வீட்டுக்குப் போனா ஊரு காறித் துப்பும்டி. கேக்கறவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

ஆதிலட்சுமி ஏறி மகள் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பியிலிருந்த அவர் கையை, கையுறையோடு, எடுத்து அப்பால் வைத்தாள்.

"பெத்த பொண்ணுக்கு எங்கிட்ட இடமில்லைன்னு சொல்லுங்க. உங்க காரைப் பாத்தவங்க யாரும் பொய்யின்னு சொல்லமாட்டாங்க."